டெல்டா மாவட்டங்களில் முதியவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கலாமா?

வயல்வெளி டாக்டர்:

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் 18 வருஷமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். படிப்பு எம்.பி.பி.எஸ். மட்டும்தான். கிளினிக் திறந்த புதிதில் வாசல் பெஞ்சில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் சென்னையிலோ திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 10.4 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். நாட்டின் சராசரி 8.6 தான். எங்கள் பக்கத்துக் கிராமங்களைப் பார்த்தால் இன்றைக்கு அது இன்னும் அதிகம் என்று கண்ணுக்கே தெரிகிறது.

கல்லூரியில் குழந்தைக்கு எடை பார்த்து மருந்தைக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். 80 வயது பாட்டிக்குச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்து மாத்திரையைக் குறைக்க யாரும் சொல்லித்தரவில்லை. அதை நான் என் நோயாளிகளிடமிருந்துதான் கற்றேன். அதில் சிலர் என் தவறுகளால் கஷ்டப்பட்டும் இருக்கிறார்கள். அந்தப் பாரம் இன்னும் மனதில் இருக்கிறது.

முதியோர் மருத்துவம் என்ற துறை நம் மாநிலத்துக்குப் புதிது கிடையாது. 1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பே வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தாயிற்று. ஆனால் வேதாரண்யத்திலிருந்து கிண்டிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். இடுப்பெலும்பு முறிந்த ஒரு தாத்தாவுக்கு அது வேறு தேசம்.

அதனால் என் எண்ணம் இது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கு மாவட்டங்களிலும் முதியவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கும்பகோணத்தில் கூடலாம். கற்றுக்கொள்ளலாம், தெரிந்ததைச் சொல்லலாம். டாக்டர்கள் மட்டுமா, மற்றவர்களுமா என்பதில்தான் எனக்குத் தெளிவில்லை. நண்பர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.


பழைய ஸ்டெத்:

டாக்டர், உங்கள் அக்கறை புரிகிறது. 35 வருஷம் மருத்துவம் பார்த்தவன், சில சங்கங்களில் பொறுப்பிலும் இருந்தவன் என்ற முறையில் ஒரு கவலையைச் சொல்கிறேன்.

முதியோர் மருத்துவத்துக்குத் தேசிய அளவில் சங்கங்கள் ஏற்கனவே உண்டு. ஆண்டுக்கு ஒரு மாநாடு நடக்கும். நல்ல பேச்சுகள்தான், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் தாலுகா ஊர் டாக்டர் ஒரு நாள் போய்விட்டு வந்தால் மறுநாள் கிளினிக்கில் அதே பழைய சீட்டைத்தான் எழுதுகிறார். அங்கே கேட்டதை இங்கே கொண்டுவரும் பாலம் கிடையாது.

இன்னொன்று பணம். கூட்டத்துக்கு மருந்துக் கம்பெனிதான் மண்டபமும் சாப்பாடும் தரும் என்றால், வயதானவர்களின் மாத்திரைகளைக் குறைப்பது எப்படி என்று அந்த மேடையில் யார் பேசுவார்கள்? இந்தத் துறையின் முதல் பாடமே அதுதான். சங்கம் தொடங்குவதற்கு முன்னால் இதற்கு ஒரு பதில் வேண்டும்.


பெரியகோயில் பக்கம்:

நான் மருத்துவத் துறை கிடையாது. தஞ்சாவூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பழைய ஸ்டெத் ஐயா மாத்திரை என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலைசுற்றல் வந்தது. பக்கத்தில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். தலைசுற்றல் நின்றது, மாத்திரை நிற்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. ஆறேழு மாதம் கழித்து அம்மாவின் கை நடுங்கத் தொடங்கியது. நடை சுருங்கிவிட்டது, காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார். முகத்தில் சிரிப்பே போய்விட்டது. வேறொரு மருத்துவமனையில் நடுக்குவாதம் என்று சொல்லி அதற்கு மாத்திரை தந்தார்கள். அது குமட்டியது. குமட்டலுக்கு ஒன்று. பிறகு மலச்சிக்கல், அதற்கு ஒரு டானிக். தூக்கம் இல்லை, அதற்கு ஒன்று. கடைசியில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு சேர்த்து ஒரு நாளைக்கு 13.

அம்மா எங்கள் தெருவில் பூக்கட்டுவதில் பெயர் வாங்கியவர். பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே நாலு முழம் கட்டிவிடுவார். அந்தக் கை நாரைப் பிடிக்க முடியாமல் போனதும் தானாகவே பூக்கூடையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி நான் அழுதேன்.

ஒரு உறவினர் சொல்லி முதியோர் மருத்துவம் படித்த ஓர் இளம் டாக்டரிடம் போனோம். அவர் ஸ்டெத்தைக் கூட எடுக்கவில்லை. "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டார். மேஜையில் கொட்டச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்து எப்போது, யார், எதற்குக் கொடுத்தது என்று கேட்டு எழுதினார். முக்கால் மணி நேரம். கடைசியில் அந்தத் தலைசுற்றல் மாத்திரையைத் தனியாக எடுத்து வைத்தார். சின்னாரிசின் என்று பேர் சொன்னார். வயதானவர்களுக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் அதுவே இந்த நடுக்கத்தைக் கொண்டுவரும் என்றார். அதை நிறுத்தி, மற்றவற்றைப் படிப்படியாகக் குறைத்தார். நாலைந்து மாதம் ஆயிற்று. இப்போது 5 மாத்திரை. பூக்கூடை திரும்ப எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த டாக்டருக்குத் தெரிந்த இந்த விஷயம் எங்கள் தெருமுனை டாக்டருக்கும், மெடிக்கலில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அண்ணனுக்கும், எனக்கும் இரண்டு வருஷம் முன்னாலேயே தெரிந்திருக்கக் கூடாதா? உங்கள் சங்கம் அதைச் செய்யுமா?


வயல்வெளி டாக்டர்:

அம்மா திரும்பவும் பூக்கட்டுகிறார் என்பதை இரண்டு தடவை படித்தேன். எழுதியதற்கு நன்றி, சகோதரி.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், இது அபூர்வமான கதை இல்லை. நானே செய்த ஒன்று. பிரஷருக்கு அம்லோடிபின் கொடுத்தேன். பெரியவருக்குக் கால் வீங்கியது. அது மாத்திரையால் வரும் வீக்கம். நான் அதைப் புது நோயாக நினைத்து நீர் போக மாத்திரை எழுதினேன். ராத்திரி மூன்று தடவை எழுந்து போனார். மூன்றாவது தடவை கொல்லைப்புறத்தில் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை என்று சங்கிலி போலப் போகும். முதல் கண்ணி நான் போட்டது.


இரவு டியூட்டி:

அரசு மருத்துவமனையில் 14 வருஷம் செவிலியர். டாக்டர்கள் மட்டுமா மற்றவர்களுமா என்று டாக்டர் கேட்டதால் சொல்கிறேன்.

டாக்டர் காலையில் வார்டுக்கு வரும்போது பாட்டி நன்றாகப் பேசுவார். ராத்திரி 2 மணிக்கு அதே பாட்டி செத்துப்போன தன் புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டு ஊசிக் குழாயைப் பிடுங்குவார். காலையில் வந்த பிள்ளைகள் "அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்பார்கள். பல நேரம் அது டெலிரியம், அதாவது உடம்புக் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உப்புக் குறைவு, புது மாத்திரை, மூன்று நாள் மலம் போகாதது, இதில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும். சரி செய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்கள். தெரியாத இடத்தில் கையைக் கட்டிப் போடுவார்கள். கட்டினால் இன்னும் முரண்டு பிடிப்பார்கள். இன்னொரு வகை அமைதியாகச் சுருண்டு படுத்துக்கொள்ளும். தொந்தரவு இல்லையே என்று அவர்களை யாரும் கவனிப்பதில்லை. அதுதான் எனக்கு அதிக பயம்.

இன்னொரு சின்ன விஷயம். ஆஸ்பத்திரியில் தொலைந்துவிடும் என்று கண்ணாடி, பல்செட், காது மிஷின் மூன்றையும் கழற்றிப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். யோசித்துப் பாருங்கள். கண் தெரியாது, காது கேட்காது, சோறு மெல்ல முடியாது, இடமும் புதிது. குழம்பாமல் என்ன செய்வார்கள்? என் வார்டில் ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டேன், பேர் எழுதி. மூன்றும் அதில் இருக்கும். செலவு டப்பாவுக்கு 20 ரூபாய்.

இதையெல்லாம் எந்த மாநாட்டில் நாங்கள் போய்ச் சொல்ல முடியும்? சங்கம் என்றால் செவிலியர்கள் டீ கொடுப்பதற்கு இல்லாமல் பேசுவதற்கும் ஓட்டுப் போடுவதற்கும் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் வரவில்லை.


முதுநிலை மாணவி:

செவிலியர் அக்கா சொன்ன டப்பாவை நாளைக்கே எங்கள் வார்டிலும் தொங்கவிடப் போகிறேன்.

முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிக்கிறேன். முதலில் ஓர் எச்சரிக்கை. தஞ்சாவூர் அக்காவின் அனுபவத்தைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் மாத்திரைகளைத் தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். சில பிரஷர், இதய மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம். நாள்பட்ட தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு கூட வரலாம். ஸ்டீராய்டும் அப்படித்தான். குறைப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது, மெதுவாகச் செய்ய வேண்டும். மருந்து ஆரம்பிப்பதற்கு எவ்வளவு படிப்பு வேண்டுமோ அவ்வளவு இதற்கும் வேண்டும்.

வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்குப் பட்டியலே உண்டு. மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991-ல் தொடங்கியது, பியர்ஸ் பட்டியல் என்போம். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறது, 2023-லும் புதுப்பித்தது. நம்மூரில் சளிக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் குளோர்பெனிரமின் அதில் இருக்கிறது. சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடும் இருக்கிறது, ஏனென்றால் பெரியவர்களுக்கு அது சர்க்கரையை நீண்ட நேரம் தாழ்த்திவிடும். ஒரு சங்கம் இப்படியும் வேலை செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன். நாம் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் மருந்துகளுக்கு ஏற்ப ஒரு பக்கத் தாளாகத் தமிழில் போடலாம்.

அப்புறம் சட்டம். 2007-ன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்றால் எல்லோருக்கும் ஜீவனாம்சம் மட்டும்தான் நினைவுக்கு வரும். அதன் 20-ம் பிரிவைப் படியுங்கள். அரசு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் அவர்களுக்கென்று வசதி ஒதுக்கி, முதியோர் மருத்துவத்தில் அனுபவமுள்ள ஒரு மருத்துவ அலுவலர் அதற்குத் தலைமை தாங்க வேண்டும் என்கிறது. சட்டத்தில் அனுபவம் என்று எழுதியாயிற்று. அந்த அனுபவத்தை மாவட்டத்தில் இருப்பவர்கள் எங்கே போய்ச் சம்பாதிப்பது? எம்.டி. இடங்கள் மிகக் குறைவு. எங்களைப் போன்றவர்கள் வெளியே வந்து எல்லா மாவட்டத்தையும் நிரப்ப ரொம்ப காலம் ஆகும். ஆகவே வயல்வெளி சார் கேட்பது கூடுதல் வேலை என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் தலைமைப் பொறுப்பில் இந்தத் துறையைப் படித்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். எல்லோரும் பேசலாம், ஆனால் மருந்து பற்றிய முடிவுகளுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும் இல்லையா?


இரவு டியூட்டி:

மருந்து முடிவுக்குப் பொறுப்பு நீங்கள் எடுங்கள் டாக்டரம்மா, மறுக்கவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் டாக்டர்களாகவே இருக்கக் கூடாது என்பதுதான் என் பேச்சு.


லெஸ்டரிலிருந்து:

பட்டுக்கோட்டைப் பக்கம் பிறந்தவள். இங்கிலாந்தில் முதியோர் வார்டில் செவிலியராக இருக்கிறேன். செவிலியர்களும் உறுப்பினர்களாக வேண்டும் என்று இரவு டியூட்டி சகோதரி சொன்னதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது.

1935-ல் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரிடம் லண்டனை ஒட்டிய வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 714 படுக்கைகளை ஒப்படைத்தார்கள். பக்கத்தில் இருந்த ஏழை விடுதியின் நோயாளிகள். பெரும்பாலோர் வருஷக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்த முதியவர்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று விட்டுவிட்டவர்கள். அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். வார்டுக்கு வெளிச்சம் கொண்டுவந்தார், எழுப்பி நிற்கவைத்தார், நடக்கவைத்தார். பலர் வீட்டுக்குத் திரும்பினார்கள். அதை அவர் தனியாளாகச் செய்யவில்லை. செவிலியர், நடைப் பயிற்சி தருபவர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே அணியாக வேலை செய்தார்கள்.

1947-ல் அவரும் சில மருத்துவர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய பிரிட்டிஷ் ஜீரியாட்ரிக்ஸ் சொசைட்டி. தொடக்கத்தில் அது மருத்துவர்களின் சங்கம். இன்று செவிலியர்கள், பிசியோக்கள், மருந்தாளர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். பிராந்தியக் கிளைகள் தனியாகக் கூட்டம் நடத்துகின்றன. எனக்குப் பிடித்தது அந்தச் சின்னக் கூட்டங்கள்தான். பக்கத்து ஊர் மருத்துவமனையில் இருப்பவர் யார் என்று முகம் தெரிந்துவிட்டால் மறுநாள் ஒரு நோயாளியை அனுப்பும்போது தயங்காமல் போனை எடுப்போம். நீங்கள் அந்த எழுபது எண்பது வருஷத்தைக் காத்திருக்க வேண்டாம், முதல் நாளே எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


டூவீலர் பிசியோ:

நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை. 2021 ஆகஸ்ட் 5-ல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து எங்கள் வட்டாரத்தில் வீடு வீடாகப் போகிறேன். கிளினிக்கில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அது வீடு.

பாட்டி விழுந்தார் என்றால் எல்லோரும் எலும்பையும் கால்சியத்தையும் பேசுவார்கள். நான் போய்ப் பார்த்தால் நிலைப்படி ஒரு சாண் உயரம். கழிப்பறை கொல்லையில். போகிற வழியில் கை பிடிக்க ஒன்றும் கிடையாது. ராத்திரி பல்பைப் போட்டால் கரண்ட் ஆகும் என்று இருட்டிலேயே போவார். காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. இதற்கு மாத்திரை இல்லை. ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பும், சுவரில் ஒரு குழாய்க் கைப்பிடியும் போதும். கொத்தனாரைக் கூப்பிட்டு நானே நின்று வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாற்காலியும் செல்போனும் இருந்தால் போதும், கிராமத்துச் சுகாதாரத் தன்னார்வலர் அக்காக்களே செய்யலாம். எங்கள் பக்கத்தில் மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன், அழகாகச் செய்கிறார்கள். அவர்கள் மாதாமாதம் மாத்திரை கொடுக்கப் போகும் வீடுதானே.

இன்னொரு வேதனை. இடுப்பு முறிந்தவரை நாட்டுக் கட்டு போட்டு மூன்று மாதம் படுக்கவைத்துவிடுவார்கள். "வயசாயிடுச்சு, ஆபரேஷன் தாங்காது" என்பார்கள். தாங்காதது படுக்கைதான். படுத்தால் சதை கரையும், முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். முடிந்தவரை சீக்கிரம், ஓரிரு நாளில் அறுவை செய்து எழுப்பி நிற்கவைத்தால் பிழைக்கும் வாய்ப்பு நிறைய. போன வருஷம் நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு தாத்தாவுக்கு 40 நாள் ஆகிவிட்டது. அவரை எழுப்ப முடியவில்லை. அவர் மகனுக்கு என்ன தெரியும், நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்.

சங்கத்துக்கு நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி.


கடைத்தெரு மெடிக்கல்:

வணக்கம். 22 வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன், டி.பார்ம். எங்களையும் கூப்பிட்டால் வருவேன். டாக்டர்களுக்குத் தெரியாதது ஒன்று எங்கள் கண்ணில் படும். ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பேரில் இரண்டு டாக்டர் எழுதியிருப்பார்கள். அட்டை நிறம் வேறு, பேர் வேறு. பெரியவர் இரண்டையும் சாப்பிடுவார். நான் கவனித்தால் சொல்லிவிடுவேன். கூட்டமான நேரத்தில் கடைப் பையன் எடுத்துக் கொடுத்துவிட்டால் போயிற்று. காலி அட்டையை நீட்டி "இதே மாத்திரை கொடுப்பா" என்று மூன்று வருஷமாக வாங்கிப் போகிறவர்களும் உண்டு. எழுதிய டாக்டரே ஊரைவிட்டுப் போயிருப்பார். அப்படி ஒருவர் வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று எனக்கு ஒரு நம்பர் கிடைத்தால் அதுவே பெரிய உதவி.


வடமராட்சியான்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே 2000-ம் ஆண்டின் 9-ம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்கள் இயங்குகின்றன. எங்கள் ஊரில் சுகாதாரப் பிரிவினர் இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க வந்தால் அந்தச் சங்கக் கட்டடத்துக்குத்தான் வருவார்கள். நாற்காலி போடுவதும் தேத்தண்ணி ஊற்றுவதும் முதியவர்களே. பார்க்கப்படுகிறவர்களும் ஒரு சங்கமாக இருந்தபடியால் "போன முறை சொன்ன கண் சிகிச்சை என்ன ஆனது?" என்று அவர்களே கேட்பார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும் என்ற நிலை எங்களுக்கும் உங்களுக்கும் ஒன்றுதான். உங்கள் சங்கத்தில் முதியவர்களுக்கு எங்கே இடம் என்று இதுவரை ஒருவரும் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன்.


ஓய்வு தலைமையாசிரியர்:

யாழ்ப்பாணத்துத் தம்பி கேட்டதால் நான் எழுதுகிறேன். பேத்தி தமிழில் தட்டச்சு செய்ய அமைத்துக் கொடுத்தாள். மெதுவாகத்தான் எழுத வரும்.

மன்னார்குடி. எனக்கு 79, என் மனைவிக்கு 75. அவளுக்கு நான்கு வருஷமாக மறதி நோய். காலையில் பல் தேய்த்துவிடுவதிலிருந்து இரவு கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்துவைப்பது வரை நான்தான். அவளுக்குச் சமைக்கத் தெரிந்தது மறந்துபோனது, எனக்குச் சமைக்கத் தெரியாதது நினைவுக்கு வந்தது. கற்றுக்கொண்டேன். சில நாள் என்னை அவள் அப்பா என்று நினைத்துக்கொள்வாள். சரி, அதுவும் உறவுதானே என்று இருந்துவிடுவேன்.

மருத்துவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஒரு குறை மட்டும். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். டாக்டர் என் மகனைப் பார்த்து "அப்பாவுக்கு மூச்சு வாங்குதா?" என்று கேட்பார். 36 வருஷம் வகுப்பில் பேசியவன், என் மூச்சைப் பற்றி நான் சொல்ல மாட்டேனா? மருந்துச் சீட்டில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. பெரிய எழுத்தில் தமிழில் காலை, மதியம், இரவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த இரண்டுக்கும் காசு வேண்டாம்.

இரவில் அவள் எழுந்து நடமாடும்போது யாரைக் கேட்பது என்று தெரியாமல் ஒரு முறை 14567-க்குப் போன் செய்தேன். முதியோர் உதவி எண். பொறுமையாகப் பேசினார்கள். ஆனால் பக்கத்தில் யாரிடம் போவது என்று ஒரு மனிதரின் பெயர் எனக்கு வேண்டியிருந்தது. உங்கள் சங்கம் அந்தப் பெயரைத் தருமானால் நானும் சந்தா கட்டுகிறேன்.


பழைய ஸ்டெத்:

ஐயா, வணக்கம். நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு என் அறையே கண்ணுக்கு முன்னால் வந்தது. நானும் மகனைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறேன். மன்னியுங்கள். நாளையிலிருந்து நாற்காலியைத் திருப்பிப் போடுகிறேன்.

முதலில் தயங்கினேன், இப்போது வருகிறேன். ஆனால் சிலவற்றை இப்போதே தீர்மானித்துவிடலாம். ஆண்டுச் சந்தா 500 ரூபாய், தன்னார்வலர்களுக்கும் குடும்பத்தாருக்கும் 50. மருந்துக் கம்பெனியிடம் பேனா கூட வாங்குவதில்லை. மண்டபம் வேண்டாம், பள்ளிக்கூட அறை போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் மாறவில்லை. ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவர்களும் செவிலியர்களும் விவாதிக்கும்போது குடும்பத்தார் பலர் அறையில் இருப்பது சரியில்லை. பெயரை மறைத்தாலும் சின்ன ஊர், கண்டுபிடித்துவிடுவார்கள். நம் தவறுகளைத் திறந்து பேசவும் ஆள் தயங்குவார்கள்.


பெரியகோயில் பக்கம்:

நீங்கள் சொல்வது நியாயம் ஐயா. ஆனால் எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பேசி முடித்தால், பழையபடி எங்களுக்கு ஒன்றும் தெரியாமலே போகும். காலையில் எல்லோரும் சேர்ந்து, மதியத்துக்குப் பிறகு நீங்கள் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாமா?


முதுநிலை மாணவி:

அது நல்ல ஏற்பாடு. அப்படியே மதியக் கூட்டத்தில் நோயாளியிடம் முன்கூட்டிச் சம்மதம் வாங்கிய கதைகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முதல் கூட்டத்துக்கு நான் வந்து மருந்துப் பட்டியல் தாளைத் தயாரிக்க உதவுகிறேன். மெடிக்கல் அண்ணா, உங்கள் கடையில் அதிகம் போகும் 30 மருந்துகளின் பெயரை அனுப்ப முடியுமா? அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.


கடைத்தெரு மெடிக்கல்:

இன்று ராத்திரி கடையை மூடிவிட்டு எழுதி அனுப்புகிறேன்.


வயல்வெளி டாக்டர்:

என் சந்தேகம் தீர்ந்தது. எல்லோரும்தான்.

முதல் கூட்டம் அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை பத்தரை, கும்பகோணம். காலையில் ஒரே விஷயம்: மாத்திரைப் பை. குடும்பத்தார் பையோடு வரட்டும். ஒவ்வொரு பைக்கும் ஒரு டாக்டர், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளர் சேர்ந்து உட்கார்ந்து பட்டியல் எழுதிக் கொடுப்போம். அன்றைக்கே எதையும் நிறுத்த மாட்டோம். சந்தேகமானதைக் குறித்து, பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டருக்குக் கடிதமாகக் கொடுப்போம், போனிலும் பேசுவோம். பட்டியல் பெரிய எழுத்தில், தமிழில். தலைமையாசிரியர் ஐயா முதல் தாளைப் படித்துப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.

நான்கு மாவட்டத்திலும் வட்டாரத்துக்கு ஒருவர் பெயரும் எண்ணும் சேகரிப்போம். பிசியோ தம்பி திருவாரூர் பக்கம் தொடங்கிவிடுங்கள். தற்காலிகச் செயலாளராக இரவு டியூட்டி சகோதரி இருக்கச் சம்மதித்தால் நான் அவருக்குக் கீழே வேலை செய்கிறேன்.


இரவு டியூட்டி:

சம்மதம். சனி ராத்திரி எனக்கு டியூட்டி. முடித்துவிட்டு நேராக பஸ் ஏறிவிடுவேன், கொஞ்சம் முன்னப் பின்ன ஆகலாம்.


ஓய்வு தலைமையாசிரியர்:

வர ஆசை. மாடியா, கீழ்த்தளமா? கழிப்பறை எப்படி? கேட்பதற்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் எங்கே கிளம்பினாலும் நாங்கள் முதலில் யோசிப்பது அதைத்தான்.


வயல்வெளி டாக்டர்:

ஐயா, நல்லவேளை கேட்டீர்கள். நேற்று பேசி வைத்த அறை முதல் மாடியில் இருந்தது. எனக்கு உறைக்கவே இல்லை. இன்று நேரில் போய் மாற்றிவிட்டேன். கீழே நான்காம் வகுப்பு அறை. வாசலில் இரண்டு படி இருக்கிறது, பலகை போடச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியர் அறையை ஒட்டி உட்காரும் கழிப்பறை ஒன்று இருக்கிறது, கைப்பிடி இல்லை.


டூவீலர் பிசியோ:

கைப்பிடி நான் கொண்டுவருகிறேன். சனிக்கிழமை மாலை வந்து மாட்டிவிடலாம், பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள் டாக்டர்.


ஓய்வு தலைமையாசிரியர்:

சரி. அவளையும் அழைத்துக்கொண்டு வருகிறேன், தனியாக விட முடியாது. அவளால் பத்து நிமிஷத்துக்கு மேல் ஓரிடத்தில் உட்கார முடியாது. கதவோரமாக இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள்.